அங்கால பக்கந்தான்

என் பெயர் பிலிப்பு சந்தியோகு. வயது 43. மன்னார், கீரியில் வசிக்கிறேன். நண்டு வலைத் தொழில் செய்கிறேன். யாரும் அழைக்காமல் நானாகவே பொலிஸ் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் கரையில், நண்டு நன்றாகப் படும் இடத்தை எவரும் சொல்வதில்லை. கேட்டால், "அங்கால பக்கந்தான்" என்று கையை வீசி மழுப்புவோம். அது பொய்தானே என்று இதை எழுதும் உத்தியோகத்தர் கேட்டார். பொய் ஒருநாள் பிடிபடும், மழுப்பினால் பிடிபடாது, தெரிந்ததைத் தெரியாத மாதிரிக் கலக்கிவிடுவதே மழுப்புவது என்று கூறினேன்.

அயல்வீட்டு அன்ரனி மூன்று மாதமாகக் கூடை நிறைய நண்டு கொண்டுவந்தார். என் வலையில் பாசிதான் வந்தது. என் மனைவி பிரான்சிஸ்கா அவருடைய கூடையைப் பார்த்துவிட்டு என் கூடையைப் பார்ப்பாள். எனக்கு வயிறு எரியும்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை அவருடைய எஞ்சின் போட்டுக்குப் பின்னால், என்னுடைய போட்டில், எட்டத்தில், மேற்கே போனேன். அவர் வலை விட்ட இடத்தைக் கண்டேன். அதன் பின்னர் அவருடைய எஞ்சின் நின்றுபோனது. அவர் சட்டையைக் கழற்றித் துடுப்பில் கட்டி உயர்த்தினார். கிட்டப் போனால் களவாகப் பின்தொடர்ந்தது தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ஒருநாளாவது வெறுங்கையோடு வரட்டும் என்றும் நினைத்தேன். போட்டைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று பின்னேரம் அவருடைய மனைவி றொஷேல் வந்து, "அண்ணை, இவரைக் கண்டனீங்களோ?" என்று கேட்டார். "அங்கால பக்கந்தான் போனவர் போல" என்று கிழக்கே கையை வீசினேன். அதன் பின்னர் ஏழு போட்டுகள் கிழக்கே தேடின. அவற்றில் என்னுடையதும் ஒன்று. புதன் பின்னேரம், மேற்கே இருந்து வந்த பேசாலை ஊர்ப் போட் ஒன்றுதான் அவரைக் கண்டு கரைசேர்த்தது.

வைத்தியசாலையில் அவரைப் பார்க்கப் போனேன். உதடு வெடித்துக் கிடந்தார். அங்கு வந்த பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர், கடலில் வேறு போட் எதையும் கண்டீரா என்று அவரிடம் கேட்டார். அன்ரனி என்னைப் பார்த்தபடியே, "தூரத்தில ஒண்டு போனது, ஐயா. ஆருடைய போட்டெண்டு வடிவாத் தெரியேல்ல" என்றார்.

சிவப்பில் மஞ்சள் கோடு போட்ட போட் கீரியில் என்னிடம் மட்டுமே உண்டு. அதற்கு நிறம் பூசியபோது மறுபக்கத்தைப் பூசியவர் அன்ரனி. எனக்காகவே மழுப்பினார் என்று விளங்கியது. அந்த நல்ல மனதைப் பார்த்தும் எனக்கு அவர்மேல் பொறாமைதான் வந்தது. அதன் பின்னர் நேரே இங்கு வந்தேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நடந்தது இதுதான். எதையும் மழுப்பவில்லை.

(ஒப்பம்) பி. சந்தியோகு