ஒருவன் வாய்க்கு எடுத்த அளவு

"ஹலோ... ஹலோ, பல் ஆஸ்பத்திரிங்களா? டாக்டரம்மா இருக்காங்களா? ... மரக்கடை அய்யான்னு சொல்லும்மா, அவங்களுக்குத் தெரியும்... இருக்கேன், இருக்கேன். மெதுவா வரட்டும்."

நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார் மரக்கடை அய்யா. கைபேசியில் பேசுவதென்றாலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பேசுகிறவர். எதிர்ச் சுவரில் நான்கு ஆணிகள் மட்டும் இருந்தன. மூத்த மகன் குத்துச்சண்டையில் வாங்கிய பதக்கங்கள் தொங்கிய ஆணிகள். அவனை வீட்டைவிட்டுப் போகச் சொன்ன அன்றே பதக்கங்களையும் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார்.

"வணக்கம்மா... நல்லாருக்கேன், நல்லாருக்கேன். ஒரு வேலையாத்தான் கூப்பிட்டேன். மவுத் கார்டு ஒண்ணு செய்யணும்... ஆமா ஆமா, குத்துச்சண்டைல பல்லு போகாம வாய்ல மாட்டிக்க அளவெடுத்துச் செய்வீங்களே, அதேதான்... பெரியவனுக்கு இல்ல. அவன் பேச்சை எடுக்காதீங்க... ஒல்லிக்கு. பெரியவன்கூடப் பயிற்சி எடுப்பானே, டயர் கடைல வேலை பாக்கிற பையன்... ஆமாம்மா. தாடை உடைஞ்சு கிடக்கிறது அவன்தான்."

"... உங்க காதுக்கும் வந்துடுச்சா? ஆமா, எங்க வீட்டுப் பையன் கையாலதான். பயிற்சின்னுகூடப் பாக்காம வெறி பிடிச்ச மாதிரி அடிச்சிருக்கான். கேட்டா, எப்பவும் அடிக்கிற அடிதாம்ப்பாங்கிறான்... எப்பவும் அடிக்கிற அடில தாடை ரெண்டாப் போகுமா? எங்க வம்சத்துல சண்டைக்குப் போனவன் உண்டும்மா, கூட நிக்கிறவனைச் சாய்ச்சவன் கிடையாது. இனிமே இந்த வாசப்படி மிதிக்காதேன்னுட்டேன். அவங்கம்மா, தம்பி, கடை ஆளுங்க, எல்லார் முன்னாடியும்தான் சொன்னேன்... விடுங்க. அதைப் பேச நான் கூப்பிடல."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இருக்கிறதுலயே ஒசத்தியாப் பாருங்க... ம்... ம்... ரெண்டு அடுக்கா? மூணு அடுக்காப் போடுங்களேன்... ஓ, ரொம்பத் தடிச்சா மூச்சு முட்டுமா. சரி, ரெண்டே போதும்... மேல் பல்லுக்கு மட்டுமா? அரைகுறையா ஆயிடாதே? ... சரி சரி, நீங்க சொன்னா சரி... நிறமா? சிவப்பு போடுங்க, எடுப்பா இருக்கும்... ஏன் கூடாது? ... ஓ. ரத்தம் வந்தா நடுவருக்குத் தெரியாதா."

எதிர்ச் சுவரின் ஆணிகளிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"அப்ப வெள்ளையே இருக்கட்டும்... அளவெடுக்க எப்ப வரணும்? ... ஏன் முடியாது? ... அட, ஆமா. கம்பி போட்டுல்ல கட்டியிருக்காங்க. வாயே திறக்க முடியாதே. குழாய் வெச்சு உறிஞ்சித்தான் சாப்பாடே... சரி, கம்பியை அவுக்கட்டும். நானே என் வண்டில கூட்டிட்டு வரேன்."

"என்ன கேட்டீங்க? ... அடிபட்ட அன்னைக்கா? போட்டிருந்தாம்மா! வெறும் வாயோட விடுவமா? நல்ல கார்டுதான். சொல்லப்போனா நீங்க செஞ்சதுதானே அது!"

அன்று முதன்முறையாக அவர் குரலில் ஒரு மிடுக்கு வந்தது.

"பெரியவனுக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சு குடுத்தீங்களே, நீலத்துல, அதேதான். அவனுக்குப் புதுசு வந்ததும் இது சும்மா அலமாரில கிடந்துச்சு. கீறல்கூட இல்ல. இந்தப் பையன் என்னடான்னா கடைல விக்கிற ரப்பரைக் கடிச்சிட்டு நிக்கிறான். எனக்குப் பாக்க மனசு கேக்கல. இங்க வாடா, இதை வெச்சுக்கன்னு நான்தான் குடுத்தேன். பெரியவன் சட்டையைச் சின்னவன் போட்டுக்கிறதில்லையா? ... கொஞ்சம் ஆடுதுங்கய்யான்னான். வெந்நீர்ல போட்டுக் கடி, படிஞ்சிடும்னேன். ஓரம் குத்துதுன்னான், நானே கத்தரிக்கோலால நறுக்கிக் குடுத்தேன்... ஒல்லியோட அம்மா ஆஸ்பத்திரில என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சும்மா. 'அய்யா, நீங்க குடுத்தது வாய்ல இருக்கப்போய்த்தான் பல்லாவது மிஞ்சிச்சு'ன்னு கும்பிட்டுச்சு... ஹலோ? ... ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

"... இருக்கீங்களா. திடீர்னு பேச்சையே காணோமேன்னு பாத்தேன்... சொல்லுங்க. என்கிட்ட என்ன தயக்கம்? சும்மா சொல்லுங்க."

அய்யா கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டை ஒட்டிய கடையில் ரம்பம் ஓடும் சத்தம். கைபேசியை வலக் காதிலிருந்து இடக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"ம்... ஒரு வாய்க்கு எடுத்தது இன்னொரு வாய்க்குச் சேராதா... ஏம்மா சேராது? ... ம்... ஆடும். சரி, ஆடும்... கீழ விழாம இருக்க இறுக்கிக் கடிச்சுக்கிட்டே இருக்கணும். ம்... மூச்சு வாங்கும்போது வாயைத் திறந்து, நாக்கால மேல தள்ளிக்கிட்டு... ம்... அப்படித் திறந்திருக்கிற நேரத்துல பட்டா..."

"பட்டா?"

"... சாதாரண அடியே போதுமா."

கழுத்துப் பொத்தானை அவர் விரல்கள் தேடின. திருகின. அது கழன்றதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"இருங்கம்மா. ஒண்ணு கேக்கறேன், மழுப்பாமச் சொல்லணும். பெரியவன் வாசல்ல நின்னு சொன்னான்... 'அவன் கார்டை மென்னுக்கிட்டே இருந்தாம்ப்பா, என் கை போய்ப் பட்ட நேரம் வாய் திறந்திருந்துச்சு'ன்னு. செய்யறதையும் செஞ்சிட்டுச் சாக்குச் சொல்றியாடான்னு கேட்டேன்... அது சாக்கு இல்லையா? ... இல்லையா."

"அந்தக் கடை ரப்பரே போட்டிருந்தா? ... பரவால்ல, சொல்லுங்க... ஆமா, அவனே சூடாக் கடிச்சுப் படிய வெச்சது அது. அவன் பல்லுக்கு... அதுவே மேலா."

"சரி. சரிம்மா... நீங்க சொல்றதும் சரிதான், அவன் தேறி வந்தப்புறம் புதுசு... என்னது? ... திரும்பச் சண்டை மேடை ஏறவே கூடாதுன்னுட்டாங்களா? யாரு, பெரிய ஆஸ்பத்திரிலயா? ... ஒல்லியோட அம்மா என்கிட்டச் சொல்லலையே. நேத்துகூடப் பாத்தேன்... எனக்கு மனசு கஷ்டப்படும்னா? எனக்கா?"

"... அப்ப வெள்ளையும் வேண்டாம்."

கையால் முகத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை அழுத்தித் துடைத்தார்.

"ம்... ம்... புரியுது. நல்லதுக்குத்தான் சொல்றீங்க. உங்களுக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும், அப்படியே விட்டுடலாங்கிறீங்க... ஆமா, பையனுக்கு வேண்டியதை நான் செய்யத்தான் போறேன்... ஆமா, இந்த வயசுல எதுக்கு... ம்... ஊர்ல எனக்கு ஒரு மரியாதை இருக்குதான்."

"இல்லம்மா. அந்த மரியாதைக்காகத்தான் பெத்த பிள்ளையைத் தெருவுல நிறுத்தியிருக்கேன். ராத்திரி எங்க படுக்கிறான்னுகூடத் தெரியாது. அவங்கம்மா கேக்க வாயெடுத்தா முறைச்சே அடக்கிடுவேன்... இருங்க, வெச்சிடாதீங்க. ஒரு நிமிஷம்."

அவர் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அடுப்பை அணைச்சிட்டு இங்க வா... பால் பொங்கினா பொங்கட்டும், வா. சின்னவனே, கடைக்குப் போய் ரம்பத்தை நிறுத்தச் சொல்லு. எல்லாரையும் கூட்டிட்டு வா... ஒருத்தர் விடாம. அன்னைக்கு எல்லாரும்தானே கேட்டாங்க?"

"டாக்டரம்மா... ஸ்பீக்கர்ல போடறேன். இப்ப சொன்னீங்கள்ல, அதை அப்படியே இன்னொரு தடவ சொல்லிடுங்க. சத்தமா. என் வாயால எனக்கு வராது... இதுல உங்களுக்கு என்னம்மா சங்கடம்? ... என் குடும்ப விஷயம்தான், நான்தானே கேக்கறேன்... அப்படிச் சொல்லாதீங்க, ஒரே ஒரு தடவ... ஹலோ? ... டாக்டரம்மா? ... ஹலோ?"

லைன் அறுந்துபோயிருந்தது.

ரம்பம் நின்றது. மனைவி ஈரக் கையோடு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் சின்னவன். வாசலில், உள்ளே வரத் தயங்கியபடி, தலையெல்லாம் மரத்தூளோடு கடை ஆட்கள். அய்யா எழுந்தார். உயிரில்லாத கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே எல்லாரையும் ஒருமுறை பார்த்தார்.

"சரிம்மா..." என்றார் அந்தக் கைபேசிக்குள். "வேண்டாம், நீங்க சொல்ல வேண்டாம். நானே சொல்லிடறேன்."