முப்பத்தோராம் பக்கத்தில் விட்டுப்போன எதிர்மூலை

தபால் நிலையத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் முத்திரை குத்திய கையால் இன்று என் முதல் நூலை வெளியிட்டிருக்கும் மாண்புமிகு தலைவர் அவர்களே! கறுப்புக் கல்லை வைத்துவிட்டுக் கன்னத்தில் கையூன்றிக் காத்திருக்கும் கழகத்துப் பெரியோர்களே! வெள்ளைக் கல்லை வைத்துவிட்டு வெற்றிச் சிரிப்பை விழுங்கிக்கொள்ளும் விவரமான தாய்மார்களே! நாளைக் காலை முதல் பேருந்தில் போட்டிக்குப் புறப்படவிருக்கும் நால்வர் அணியே! மூன்றாம் வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் என் வாழ்க்கைத் துணையே! எல்லோருக்கும் இந்தக் கண்ணாடிக் கடைக்காரனின் கலக்கம் நிறைந்த வணக்கம்.

ஆம், கலக்கம்தான். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டேன். பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். ‘பொண்டாட்டி முன்னாடி பேசுறாரு, அதான் உதறல்’ என்கிறீர்கள். நண்பரே, பாதி சரியாகச் சொன்னீர்கள். மீதியை நான் சொல்கிறேன், பொறுங்கள்.

விருந்தினராக வந்தவர்களுக்காக இரண்டே வார்த்தை. கோ ஆட்டத்தின் பலகையில் குறுக்கே பத்தொன்பது கோடு, நெடுக்கே பத்தொன்பது கோடு. கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிக் கல் வைத்து இடத்தை வளைக்க வேண்டும். முதல் சண்டை மூலையில்தான். முன்பெல்லாம் எதிராளியின் மூலைக்குள் ஆரம்பத்திலேயே நுழைந்தால், ‘என்னப்பா அவசரம்?’ என்று அதட்டுவார்கள். அப்புறம் கணிப்பொறி வந்தது. ஐந்தாவது கல்லிலேயே மூலைக்குள் குதித்தது! கற்றவர் திகைத்தார்கள். கைதேர்ந்தவர் கலங்கினார்கள். எந்தக் கல்லுக்குப் பின் எந்தக் கல் என்று நாற்பது வருடம் மனப்பாடம் செய்த வரிசைகள் நாலே மாதத்தில் நரைத்துப் போயின!

அப்படி வந்த புதுவரிசைகளைத் திரட்டித்தான் இந்த நூலை எழுதினேன். பகலில் ஊராருக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். மாலையில் கணிப்பொறியைக் கேட்டுப் பார்த்தேன். நாற்பத்தெட்டு வரிசைகள்! நாற்பத்தெட்டும் நயமானவை, நவீனமானவை, நம்பத்தக்கவை என்று தலைவர் அவர்கள் சற்றுமுன் வாயாரப் புகழ்ந்தார்கள்.

நாற்பத்தேழுக்கு அந்தப் புகழை வாங்கிக்கொள்கிறேன், ஐயா. ஒன்றுக்கு வாங்க மாட்டேன்.

முப்பத்தோராம் பக்கத்தில் இருக்கும் வரிசையில், பதினோராவது கல்லாகக் கறுப்பு ஒரு வெட்டு வெட்டும், அதாவது ஒரு வெள்ளைக் கல்லை அதன் கூட்டத்திலிருந்து பிரித்துவிடும். அடுத்து, வெட்டுப்பட்ட வெள்ளைக் கல்லைத் துரத்த வேண்டும். இப்படி ஒரு படி, அப்படி ஒரு படி என்று அந்தத் துரத்தல் குறுக்காகப் பலகை முழுவதும் ஓடும். ஆட்டக்காரர்கள் அதை ஏணி என்பார்கள். அந்த ஏணி போய் முட்டுகிற எதிர்மூலையில் வெள்ளையின் கல் ஒன்று இருந்துவிட்டால்? துரத்தப்பட்டவன் தப்பிப்பான், துரத்தியவன் தரைமட்டம்!

கணிப்பொறி எனக்கு முழுப் பலகையைத்தான் காட்டியது. எதிர்மூலை காலியாக இருக்கும்போதுதான் அந்த வெட்டைச் சொன்னது. ஆனால் அச்சக உரிமையாளர் என்ன கேட்டார் தெரியுமா? “சார், நாற்பத்தெட்டு முழுப் பலகை போட்டா புள்ளி புள்ளியாத்தான் தெரியும். மூலைய மட்டும் வெட்டிப் பெருசா போடலாமா?” கண்ணாடிக்காரனிடம் வந்து ‘பெருசா தெரியும்’ என்றால் மறுப்பேனா? “தாராளமா வெட்டுங்க” என்றேன். மூலை பெரிதாய்த் தெரிந்தது. முக்கால் பலகை காணாமல் போனது! எதிர்மூலையைப் பற்றி ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வாருங்கள். இதே மண்டபம். அணியின் நான்காவது இடத்துக்குத் தேர்வு ஆட்டம். ஒரு பக்கம் நம் மின்பொறியாளர் தம்பி. மறுபக்கம் என் துணைவியார். அச்சகத்திலிருந்து வந்த மாதிரிப் படியிலேயே என் நூலை வரி விடாமல் படித்தவர் அவர். முப்பத்தோராம் பக்கத்தை அப்படியே ஆடினார். ஏணி ஓடியது. எதிர்மூலையில் தம்பியின் வெள்ளைக் கல் உட்கார்ந்திருந்தது. அரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்தது.

என்ன? உரக்கக் கேளுங்கள், ஐயா. “அப்போ புஸ்தகம் படிக்காதவர் ஜெயிச்சாரா?” ஆமாம், ஐயா! என் நூலுக்குக் கிடைத்த முதல் மதிப்புரை அதுதான்! தம்பி, நீங்கள் தலைகுனிய வேண்டாம். உங்கள் வெற்றி உங்கள் வெற்றிதான்.

தோற்றதற்காக என் துணைவியார் அழுதிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் மெதுவாகச் சொன்னார்: “புஸ்தகத்துல தப்பு இருக்காதுங்க. எனக்குத்தான் நடுவுல ஏதோ மறந்துபோச்சு.”

மறந்துபோச்சு! அந்த ஒரு சொல் அவர் பிறந்த வீட்டில் சாதாரணச் சொல் அல்ல, நண்பர்களே. என் மாமனார் ஐம்பத்திரண்டு வயதில் மறதி நோயில் விழுந்தவர். சோறு ஊட்டிய மகளிடமே ‘நீங்க யாரும்மா?’ என்று கேட்டவர். என் துணைவியாருக்கு இப்போது ஐம்பத்தொன்று.

அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். இருபத்தாறு குழந்தைகள், இருபத்தாறு வாசல்கள். ஒன்பது வருடத்தில் ஒரு வாசலைத் தவறவிட்டதில்லை. செவ்வாய்க்கிழமை அந்த வேனில் ஏறினேன். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. இருபத்தாறு பெயரும் வரிசையாக எழுதியிருந்தது. புதன்கிழமை அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்த்தார். வியாழக்கிழமை கோ பலகையைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டார். திங்கட்கிழமைக்கு நரம்பு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறார்.

சபையோரே, பிழை நூலில்தான் என்று எனக்கு எப்போது தெரியும் என்று கேளுங்கள்! மருத்துவரிடம் நேரம் வாங்கிய பிறகா? பலகை பரணுக்குப் போன பிறகா? இல்லை. ஞாயிறு மாலையே கணிப்பொறியில் போட்டுப் பார்த்தேன். அவர் ஒரு கல்லையும் மறக்கவில்லை. நான் எழுதியதை எழுதியபடியே ஆடியிருக்கிறார். அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? அழைப்பிதழ் அச்சாகிவிட்டதே என்று நினைத்தேன். விழா முடியட்டும் என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு மனைவியின் அச்சத்தின் மீது என் மேடையைப் போட்டுக்கொண்டேன்!

எத்தனையோ பேருக்குக் கண்ணாடி மாட்டி ‘இப்ப தெரியுதா?’ என்று கேட்டவன் நான். என் துணையே, இப்போது உன்னிடம் சொல்கிறேன், கேள். நீ எதையும் மறக்கவில்லை. உன் நினைவு நன்றாக இருக்கிறது. கெட்டுப்போனது என் நேர்மை.

எழுந்துவிட்டார். ஏதோ கேட்கிறார். கொஞ்சம் அமைதி, தயவுசெய்து!

“ஞாயித்துக்கிழமையே தெரியுமா?”

தெரியும்.

“வேன்ல நான் ஒட்டுன சீட்டப் பாத்தீங்க இல்ல?”

பார்த்தேன்.

“பாத்துட்டு?”

பார்த்துவிட்டு, பேசாமல் இறங்கிக் கடைக்குப் போனேன்.

வேறு யாராவது பேசுங்களேன். சரி, அவரே பேசுகிறார்.

“திங்கக்கிழமை டாக்டர்கிட்ட வாங்குன நேரத்த ரத்து பண்ண மாட்டேன். உங்க பேருக்கு மாத்திடறேன்.”

நீங்கள் எல்லோரும் சிரிக்கிறீர்கள். அவர் சிரிக்கவில்லை. இருபத்தேழு வருடமாக அந்த முகத்தைப் பார்க்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“மொதல்ல அந்தப் பக்கத்தத் திருத்துங்க. நாளைக்கு நாலு பேர் போறாங்க.”

கேட்டீர்களா? தன் இடம் போனதைப் பற்றி ஒரு சொல் இல்லை! அந்த நால்வரும் ஏமாறக் கூடாது என்கிறார். அணியினரே, பென்சில் எடுங்கள். தாய்மார்களே, கைப்பையில் பேனா இருந்தால் கொடுத்து உதவுங்கள். முப்பத்தோராம் பக்கம், படத்துக்குக் கீழே எழுதுங்கள்: ‘எதிர்மூலையில் வெள்ளை இருந்தால் இந்த வெட்டு ஆகாது.’ எழுதியாயிற்றா? அதன் கீழே இன்னொரு வரி: ‘இதை ஆடிப் பார்த்துத் தோற்றவர் நூலாசிரியரின் மனைவி, பிழை நூலாசிரியருடையது.’ இந்த வரி எல்லாப் பிரதியிலும் இருக்க வேண்டும். விற்காத பிரதிகளில் நானே என் கையால் எழுதுவேன்.

தலைவர் அவர்களே, எனக்கு இன்னும் பத்து நிமிடம் தந்திருக்கிறீர்கள், வேண்டாம். அவர் நடக்கத் தொடங்கிவிட்டார். பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பேனா தந்த தாய்மார்களுக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும் என் நன்றி, வணக்கம், எல்லாம். கதவோரம் நிற்கும் ஐயா, உங்களைத்தான்! அவரை ஒரே ஒரு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். நான் வந்துகொண்டே இருக்கிறேன்.