சுவத்துப் படத்துல ஒரு சிவப்புப் பொட்டு

சாயா வேண்டாம் மேடம், குடிச்சிட்டுதான் வந்தேன். மீட்டிங் பதினோரு மணிக்குன்னு எனக்கும் தெரியும். ஆளு வந்து நிறையதுக்கு முன்ன ஒரு காரியம் சொல்லணும், அதான் நேரத்தோட வந்தது. சுவத்துல கடல் படம் தொங்குதுல்லா, அதுல எனக்க பேரு எழுதி நான் ஒட்டுன சிவப்புப் பொட்டு, அத எடுத்துக் களையணும்.

இருங்க, சொல்லுதேன். நீங்க நாகர்கோயில்காரி, உங்ககிட்ட தமிழ்ல மனசு விட்டுப் பேசலாம். மத்த சாருமார்கிட்ட மலையாளத்துல பேசும்போ எனக்கு பாதியும் பொய்தான் வருது.

நீங்க இந்தக் கடல் ஆராய்ச்சில சேந்து நாலு மாசம்தானே ஆவுது. அதுக்கு முன்ன கடல் சாருமார் மட்டும்தான். எனக்க வள்ளத்துல ஏறுவாங்க, குப்பியில தண்ணி புடிப்பாங்க, வாந்தி எடுப்பாங்க, எறங்கிப் போவாங்க. சற்குணம்னு எனக்கு ஒரு பேரு இருக்கதே ஒருத்தருக்கும் தெரியாது. பிறவு மேலேருந்து ஆர்டர் வந்துருக்கு போல, மீன மட்டும் பாத்தா போராது, மீன் புடிக்கவனையும் பாக்கணும்னு. ஒடனே உங்களக் கொண்டு எறக்கினாங்க. நீங்க எம்பத்தி நாலு கேள்வி கேட்டீங்க. கடலுக்குப் போவும்போ மனசுல என்ன தோணும்னு ஒரு கேள்வி. எனக்க பெண்டாட்டி தங்கபாய் முப்பது வருசத்துல அத கேட்டதில்ல. எனக்குக் கொஞ்சம் கெத்தாத்தான் இருந்துது.

அந்தக் கெத்துதான் கெடுத்துது. படத்துல பொட்டு ஒட்டுன அன்னைக்கு அந்தக் கடல் சாருமாருல ஒருத்தரு, ரெஜி சார், சொன்னாரு, கம்ப்யூட்டர்ல பாத்தாச்சு, அந்தப் பக்கம் வெறும் மணல்தான்னு. முப்பது வருசம் அங்க தூண்டல் போட்டவன்கிட்ட மணல்ங்காரு. வந்துதே எனக்குக் கோவம். வாங்க சாரேன்னு வள்ளத்த எடுத்தேன்.

நீங்களும் வந்தீங்கல்லா. கரையில சர்ச்சுக் கோபுரத்துக்க மேல மலை முனை வந்து உக்காரணும், வடக்க லைட் ஹவுசும் தண்ணி டேங்கும் ஒரே நேர்ல நிக்கணும். எடம் புடிக்குத அந்தக் கணிச்சம் ரெண்டும் ஒத்து வந்த எடத்துல நிறுத்துனேன். ஆழம் பாக்க மிசின்ல கடலுக்கு அடியில பாரு தெளிஞ்சுது, மாடி வீட்டு ஒசரத்துக்கு மீன் அடையுத பாறை. ரெஜி சார் மிசின ரெண்டு தடவ தட்டிப் பாத்தாரு. நீங்க கை தட்டினீங்க. நானும் இளிச்சிட்டு போட்டோவுக்கு நின்னேன்.

கணிச்சத்த நாங்க கூடப் பொறந்தவனுக்கும் சொல்ல மாட்டோம் மேடம். பாருல நிக்கும்போ வேற வள்ளம் வந்தா, நங்கூரத்த எடுத்துட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி போயிருவோம். இந்தப் படத்த வச்சு நீங்க அச்சடிக்குத புத்தகத்துல இந்தப் பொட்டு வந்தா, மறுநாளு போன்ல பாத்து நூறு வள்ளம் அங்க நிக்கும். ஒரு சீசன்ல வழிச்சு நக்கிருவாங்க. புத்தகம் அச்சுக்குப் போவலன்னு நேத்து நீங்க சொன்ன பிறவுதான் எனக்கு மூச்சு வந்துது.

கையெழுத்தா? போட்டேன். சம்மதம்னு மூணு எடத்துல போட்டேன். உங்கள ஒண்ணும் குத்தம் சொல்லல. எனக்குச் சம்மதமான்னு கேட்டீங்க, சம்மதம்னேன். பாரு யாருக்கதுன்னு எம்பத்தி நாலுல ஒரு கேள்வியும் இல்ல, நானும் வாயத் தொறக்கல.

அது எனக்க மச்சான் ஜெபசிங்குக்கது. தங்கபாய்க்க அண்ணன். அவனுக்க அப்பன் கண்ட பாரு. கல்யாணம் கழிஞ்ச புதுசுல, தங்கச்சி பட்டினி கெடக்கக் கூடாதுன்னு என்னைக் கூட்டிட்டுப் போயி காட்டிக் குடுத்தான். கால் ஒடிஞ்ச பிறவு அவன் கடலுக்குப் போவல, ஆட்டோ ஓட்டுதான். இப்போ அவனுக்க மவன் ஜினு அந்தப் பாருலதான் பொழைக்கான்.

ஜெபசிங்குக்குத் தெரியுமான்னா கேக்கீங்க? அவனுக்க ஆட்டோலதான் மக்ளே நான் வந்தது. எனக்க அளியன், தங்கச்சி மாப்பிள, பேரு கடல் படத்துல வந்துருக்குன்னு தம்பானூர் ஆட்டோ ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிட்டு, புதுச் சட்டை போட்டு வந்துருக்கான், அது அவனுக்க பாருன்னு தெரியாம. கீழ வண்டிய ஒதுக்குதான். வய்யாத காலு, படி ஏற கொஞ்சம் நேரம் எடுக்கும். கம்ப்யூட்டர்ல உள்ளத நீங்க அழிங்க, இத நான் நகத்தால சுரண்டி எடுத்துருதேன்.