பாயைச் சுருட்டும் உருளை

கொத்தமங்கலம் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு பெரியவரும் அவர் மச்சினரும். பெரியவர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார்.

“இந்த உருளைய மாட்டிட்டா, படகுல முன்னாடி போயி பாயை இறக்க வேணாம் மாப்ள. பின்னாடி உக்காந்தே கயித்த இழுத்தாப் போதும், பாய் சுருண்டுக்கும்.”

“பஸ்ஸுல ஏறவே நான் தூக்கிவிட்டேன். நீங்க படகுக்கு உருளை பாக்குறீக.”

“பெரிய உருளை நம்ம படகுக்குக் கனம். சின்னதே போதும்.”

“தொண்டிக்காரரு படகை விலைக்குக் கேக்குறாருல்ல மச்சான், குடுத்துருவோம்.”

“பக்கவாதம் வந்து ஒரு கை போச்சுன்னா, படகையுமா குடுக்கணும்?”

“காத்து ஏறுனா இருக்குற ஒரு கை சுக்கானப் பிடிச்சிருக்கும். கயித்த எந்தக் கையால இழுப்பீக?”

பெரியவர் தம் வலது கையை இடது கையால் எடுத்து முன்கம்பியில் வைத்தார். விரல்கள் மடங்கவில்லை. பஸ் திரும்பியதும் கை நழுவி மடியில் விழுந்தது.

நிறுத்தம் இரண்டு கடந்தபின் சொன்னார்: “தொண்டிக்காரருக்குப் போன் போடு. பாயை மழையில நனைய விடாம வச்சிருப்பாரான்னு மட்டும் கேளு.”