பேர் போடாத மனு

இல்லங்க மேடம், டோக்கன் போட்டுட்டுதான் உக்காந்திருந்தேன். ஒம்பதரைக்கே வந்துட்டேன். இது மூணாவது வாட்டி, கீழ்பென்னாத்தூர்ல இருந்து பஸ் புடிச்சு இந்த கலெக்டர் ஆபீசுக்கு வர்றேன். நீங்க புதுசா? அதான். இந்த சீட்ல முன்னாடி இருந்த சாருக்கு என்னைப் பாத்தாலே கொட்டாவி வந்துரும்.

இதான் மொத மனு. ஒரு பெண்ணின் கணவர் காணாமல் போய் ஏழு ஆண்டுகள் முடியும் நிலையில், இடையில் அவரை யாரேனும் பார்த்திருந்தால் அந்த ஏழு ஆண்டுக் கணக்கு செல்லுமா? அவ்ளோதான் கேட்டிருக்கேன். எழுத்து என்னோடதுதான். பி.ஏ. தமிழ், இங்க கவர்மெண்ட் காலேஜ்ல. எழுதச் சொன்னா எழுதிடுவேன், பேசறதுதான் வராது. இன்னிக்கு என்னமோ வாய் நிக்க மாட்டேங்குது, கோச்சுக்காதீங்க.

பின்னாடி திருப்புங்க. சிவப்பு இங்க்ல இருக்குது பாருங்க. அனுமானக் கேள்விக்கு சட்டக் கருத்து வழங்க இயலாது. சரின்னு ரெண்டாவது மனுல மணிமொழின்னு என் ஃப்ரெண்டு பேரப் போட்டேன். சம்பந்தப்பட்டவங்களே வந்து கேக்கணும்னு திருப்பிட்டாங்க. அவ புருஷன் என்னடான்னா மார்க்கெட்ல தக்காளி வித்துக்கிட்டு குத்துக்கல்லாட்டம் இருக்கான். அவளுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுருவா.

ஆமாங்க. நான்தான். சந்திரகலா. வீட்டுக்காரர் பேரு சக்திவேல். எங்க சிந்துஜாவுக்கு ரெண்டு வயசு, அப்பப் போனவரு. வர்ற ஆடி பதினெட்டு வந்தா ஏழு வருஷம். சண்டையா? ஒண்ணுமில்லங்க. செருப்பக் கூட வாசல்லயே விட்டுட்டுப் போயிருந்தாரு. போலீஸ்ல எழுதிக் குடுத்தோம். தேடிக் கிடைக்கலன்னு அவங்களும் எழுதிக் குடுத்துட்டாங்க.

அவரு பேர்ல முக்கா ஏக்கர் மல்லாட்டக் கொல்லை, வேர்க்கடல போடற நெலம், அதுலயே வீடு. கொல்லையை மாறன்தான் ஓட்டறான், என் கொழுந்தன். அண்ணன் வரட்டும் அண்ணி, அவன் கையில குடுத்துக்கறேன், உங்க கையில எதுக்குங்கறான். ஆடியோட வீட்டையும் காலி பண்ணிடுங்கன்னுட்டான். அம்மா வீடா? அம்மாவும் இல்ல, வீடும் இல்ல.

வக்கீல்கிட்ட போனேங்க. இறந்துட்டதா கோர்ட்ல தீர்ப்பு வாங்கிட்டா பொண்டாட்டி புள்ளைக்கு வழி பொறக்கும்னாரு. எல்லாம் டைப் அடிச்சு ரெடியா இருக்குது, ஒரு கையெழுத்துதான் பாக்கி. அதுல ஒரு வரி வருது மேடம். இந்த ஏழு வருஷத்துல அவரை நான் பாக்கவும் இல்ல, உசுரோட இருக்கறதா கேள்விப்படவும் இல்லன்னு சத்தியம். ஒருவேளை யாராவது பாத்திருந்தா என்ன ஆகும்னு அவர்கிட்டயும் கேட்டேன். பேனாவ மூடிட்டு, யாரு பாத்தாங்கன்னு என் மூஞ்சியவே பாத்தாரு. எந்திரிச்சு வந்துட்டேன்.

அதனாலதான் உங்ககிட்ட. வாயால சொன்னாப் போதும், எழுதிக்கூடத் தர வேணாம்.

கோர்ட்டுக்குப் போற விஷயத்துல சொல்லக் கூடாதா? சரிங்க. பேர் இல்லன்னா கற்பனை, அடுத்தவ பேர்னா சம்பந்தமில்ல, என் பேர்னா கோர்ட்டு. அப்ப எப்படித்தான் மேடம் கேக்கறது? ஆடிக்கு இன்னும் எவ்ளோ நாளு இருக்குது, சொல்லுங்க. அழலங்க. ஃபேன் காத்து, கண்ணு எரியுது.

தண்ணியா? குடுங்க.

போன பௌர்ணமிக்கு பாப்பாவும் நானும் மலை சுத்தினோம். புளிசாதம் பொட்டலம் கட்டி எடுத்துட்டுப் போவோம், அவரு போனதுல இருந்து வேண்டுதல். அடி அண்ணாமலை தாண்டினா சாமியாருங்க வரிசையா உக்காந்திருப்பாங்களே, பாப்பாதான் குடுத்துக்கிட்டே போனா. அதுல ஒருத்தரு ரெண்டு கையும் நீட்டி வாங்கினாரு. வலது கையில நடு விரலு பாதிதான். மல்லாட்ட உடைக்கற மிஷின்ல போனது. நான்தான் முந்தானையக் கிழிச்சு சுத்தி ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனேன்.

பாப்பா நெத்தியில திருநீறு பூசி விட்டாரு. அப்புறம் நிமிர்ந்து என்னைப் பாத்தாரு. வேணாம்னு தலைய மட்டும் ஆட்டினாரு.

யார்கிட்டயும் சொல்லலங்க. நல்ல சாமியாரும்மா, என் பேரக்கூடக் கேட்டாருன்னு சொல்லிக்கிட்டே வந்தா பாப்பா.

ஒரு வெள்ளப் பேப்பர் குடுங்க மேடம். இந்த வாட்டியும் ஒரு பெண்ணுன்னே எழுதிடறேன்.