ஆட்டத்தில் மீதி நான்கு நிமிடம்

எனக்குக் கூடைப்பந்து ஆடத் தெரியாது. பள்ளியில் ஒரே ஒரு முறை பந்தைக் கூடையை நோக்கி எறிந்திருக்கிறேன், அது பி.டி. வாத்தியாரின் சைக்கிளில் போய் விழுந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எனக்கு ஆட்டவெறி என்று நாங்கள் குடியேறிய பிளெய்ன்ஸ்பரோ ஊர் முழுக்க இப்போது பேசிக்கொள்கிறார்களாம். வெறியெல்லாம் கிடையாது. எனக்குக் கணக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

என் வக்கீல் வாயைத் திறக்காதீர்கள் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை, எழுதித்தான் தருகிறேன். முதலில் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். ஏனோ அதில் நான் செய்தது குற்றம் போலவே தெரிந்தது. அதனால் தமிழில் எழுதுகிறேன். காவல்துறைக்காக இதை மொழிபெயர்க்கப் போகும் வெண்பா என்ற பெண் நிதானமானவராகத் தெரிகிறார். என் வாக்கியங்களின் நிதானத்தையும் அவர் அப்படியே கொண்டுபோவார் என்று நம்புகிறேன்.

பெயர் வாஞ்சிநாதன், வயது ஐம்பத்தொன்று. இதய நோய்க்கான மருந்துகளை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கிறார்களே, அந்தச் சோதனைகளின் புள்ளிவிவரத்தைச் சரிபார்ப்பது என் வேலை. எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் போனார்கள், அதில் மருந்தின் பங்கு எவ்வளவு, வெறும் தற்செயல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வேன். இருபது வருடமாகத் தற்செயலோடு குடித்தனம் நடத்துகிறவன். அதன் நடத்தை எனக்குத் தெரியும்.

மார்ச் மாதம் வந்தால் இந்த நாட்டுக் கல்லூரிகள் அறுபத்துநாலு கூடைப்பந்தில் மோதுகின்றன. ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எது எதை வெல்லும் என்று முன்கூட்டியே ஒரு தாளில் நிரப்பித் தருவதற்குப் பெயர் பிராக்கெட். எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் பதினாலும் வருடா வருடம் நிரப்புவோம். ஜெயித்தவர் வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் குடம் போகும். கோடையில் ஊருக்குப் போகிறவர் யாராவது அதைச் சென்னைக்கு எடுத்துப்போய், கல்யாணப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது போல ஜெயித்தவர் பெயரை வெட்டிக்கொண்டு வருவார்.

அந்தக் குடத்தில் என் பெயர் இல்லை. பதினாலு வருடமாக ஆட்டங்களின் விவரங்களைச் சேர்த்து, ஒவ்வொரு அணியின் பலத்தையும் எடைபோட்டு நான் நிரப்பும் தாள், முதல் வாரக் கடைசியிலேயே கந்தலாகிவிடும். யாரும் கேள்விப்பட்டிராத ஒரு சிறு கல்லூரி வந்து பெரிய கல்லூரியைச் சாய்க்கும். பல் மருத்துவம் படிக்கப் போகும் ஒரு பையன் அரை மைதானத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எறிவான், உள்ளே விழும். அதைப் பார்த்து நாடே கண்ணீர் விடும். எதிர்பாராததுதான் இந்த ஆட்டத்தின் அழகு என்பார்கள். நாங்கள் சோதிக்கும் மாத்திரை இப்படி எதிர்பாராத அழகோடு வேலை செய்தால் கம்பெனியை இழுத்து மூடுவார்கள். என் மகள் ஷ்ரேயா, "அப்பா, இட்ஸ் லிட்டரலி ராண்டம். ஜஸ்ட் என்ஜாய் இட்" என்பாள். என் செலவில் புள்ளியியல் படிக்கிறவள் பேசும் பேச்சு அது.

குடத்தில் நான்கு முறை வெட்டப்பட்டிருக்கும் பெயர் கிருபைராஜ். அவன் என் நண்பன். திருநெல்வேலியில் ஒரே ஹாஸ்டலில் இருந்தோம், இங்கே நான்கு வீடு தள்ளி இருந்தான். நாகர்கோவில்காரன், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, ஞாயிறு தவறாமல் சர்ச், யாருக்கு வீடு மாற்றினாலும் சோபாவின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்குகிறவன். அவனைப் பற்றி என்னிடம் ஒரு குறையும் இல்லை. அவன் பிராக்கெட் நிரப்பும் முறையைத் தவிர.

அவன் ஆட்டம் பார்த்து நிரப்பமாட்டான். முந்தின வருடம் நம் பிள்ளைகளில் யாருக்கு எந்தக் கல்லூரி அட்மிஷன் கொடுத்தது என்று ஒரு பட்டியல் வைத்திருப்பான். கொடுத்த கல்லூரி மேலே போகும், கொடுக்காதது முதல் சுற்றிலேயே வெளியே போகும். ஸ்காலர்ஷிப்போடு கொடுத்தால் அரை இறுதி வரை போகும். அவன் மகன் பெனிஷை ஒரு பெரிய கல்லூரி வெயிட்லிஸ்டில் போட்டது. மறு வருடம் அந்தக் கல்லூரிதான் கோப்பையை வாங்கும் என்று என் கணக்கு சொன்னது. "என் புள்ளைய வெயிட்லிஸ்ட்ல போட்டவனுவ எங்க மக்கா ஜெயிக்கப் போறானுவ?" என்று சிரித்தான். முதல் நாளே தோற்றது. நான்காவது முறை குடம் அவன் வீட்டுக்குப் போனபோது, அவன் மனைவி எலிசா அதில் மண் போட்டுக் கறிவேப்பிலைச் செடி வைத்தாள். அதற்காக நான் மனம் வருந்தவில்லை. செடி நன்றாக வளர்ந்தது.

இந்த வருடம் நிலைமை வேறு. அவன் தாள் இரண்டாம் நாளே போயிற்று. மற்றவர்களுடையதும் போயிற்று. என்னுடையது நின்றது. இரண்டாம் வாரத்து ஞாயிற்றுக்கிழமை மதியம், கடைசி நான்கு அணிகளுக்குள் போவது யார் என்ற ஆட்டம். ஜெயிக்கும் என்று நான் எழுதியிருந்த என் அணி தரவரிசையில் முதலிடம், எதிரணி பதினோராம் இடம். அது ஒன்று ஜெயித்துவிட்டால் மீதி ஆட்டங்கள் எப்படிப் போனாலும் என்னை யாரும் எட்ட முடியாது. என் கணக்குப்படி ஜெயிக்கும் வாய்ப்பு எண்பத்துமூன்று சதவீதம். கல்லூரிகளின் பெயரைச் சொல்லவில்லை. அவர்களை இந்த விவகாரத்தில் இழுப்பது நியாயமில்லை.

என் மனைவி ப்ரியம்வதா கோயிலுக்குப் போயிருந்தாள். கிருபைராஜ் சர்ச் முடிந்து நேராக வந்தான், எலிசா போட்ட வாழைக்காய் பஜ்ஜியோடு. தன் தாள் போன வருத்தமே அவனிடம் இல்லை. "இந்த வருஷம் உன் பேருதான்டே வெட்டணும், நானே கொண்டுபோய் வெட்டிட்டு வாரேன்" என்றான். அவன் மனதாரத்தான் சொன்னான். அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

பாதி ஆட்டம் முடிந்து சிறிது நேரத்தில் என் அணி பதினாலு புள்ளி பின்தங்கியிருந்தது. கிருபைராஜ் சோடா எடுக்க கராஜுக்குப் போனான். எங்கள் இரண்டாவது ஃப்ரிட்ஜ் அங்கேதான், வீட்டுக்குள் வரும் கதவை ஒட்டி நிற்கிறது. அவன் போன உடனே என் அணி தொடர்ந்து ஒன்பது புள்ளி எடுத்தது.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தை விளக்க வேண்டும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கு இது தெரியும், காவல்துறைக்குத் தெரிய வாய்ப்பில்லை. நம் அணி நன்றாக ஆடும்போது யார் எங்கே இருக்கிறாரோ அங்கேயே இருக்க வேண்டும். ஹாஸ்டலில் ஒருவன் பாத்ரூம் போனபோது சிக்ஸர் பறந்தது என்று பத்து ஓவருக்கு அவனை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கிறோம். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. நான் புள்ளியியல்காரன். கராஜில் ஒருவன் நிற்பதற்கும் இரண்டாயிரம் மைல் தள்ளி ஒருவன் பந்து எறிவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நம்பிக்கை இருந்தது கிருபைராஜுக்கு. "நான் இங்கயே நிக்கேன், நீ ஸ்கோர மட்டும் சொல்லு" என்று அவன்தான் முதலில் குரல் கொடுத்தான். எட்டு நிமிடம் மீதி இருக்கையில் குளிருகிறது என்று உள்ளே வந்தான். எதிரணி அடுத்தடுத்து இரண்டு நீண்ட ஷாட் போட்டது, ஆறு புள்ளி. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவனே எழுந்து திரும்பப் போனான். வெறுமனே போகவில்லை, ஒரு பஜ்ஜியைக் கையில் எடுத்துக்கொண்டு போனான். ஃப்ரிட்ஜ் பக்கத்திலேயே நில், நகராதே என்றேன். அது வேடிக்கையாகச் சொன்னது.

நான்கு நிமிடம் மீதி இருந்தபோது மூன்று புள்ளிதான் வித்தியாசம். அப்போது கிருபைராஜ் கதவைத் திறந்து தலையை நீட்டினான். முகம் வியர்த்திருந்தது. கராஜில் அன்று ஐந்து டிகிரிகூட இருக்காது.

"நெஞ்சுல என்னமோ அடைக்க மாதிரி இருக்குடே," என்றான். "நான் உள்ள வந்து கொஞ்சம் படுக்கட்டா?"

"நாலு நிமிஷம்டா. பஜ்ஜி தின்ன வாயுதான். அங்கயே நில்லு."

அவன் தலையாட்டினான். நம்பினான் என்றுதான் நினைக்கிறேன். நான் கதவைச் சாத்திப் பூட்டினேன். எங்கள் பூட்டு செல்பேசியோடு இணைந்த வகை, பூட்டியதும் திறந்ததும் அதில் பதிவாகும். 4.12க்குப் பூட்டியிருக்கிறேன், 4.51க்குத் திறந்திருக்கிறேன். அந்த முப்பத்தொன்பது நிமிடம் பற்றித்தான் உங்கள் கேள்வி. பதிவு சரியானதுதான். தரவோடு நான் ஒருபோதும் சண்டை போட்டதில்லை.

நாலு நிமிடம் எப்படி முப்பத்தொன்பது ஆயிற்று என்று அதிகாரி கேட்டார். கல்லூரிக் கூடைப்பந்து பார்க்கிற எவரும் இதைக் கேட்கமாட்டார். கடைசி நான்கு நிமிடத்தில் மூச்சுக்கு முன்னூறு ஃபவுல், ஃபவுலுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, இடையில் டைம் அவுட், கார் விளம்பரம். கடிகாரத்தில் நான்கு நிமிடம் என்றால் சோபாவில் இருபது நிமிடம். எனக்கு அது தெரியும். கிருபைராஜுக்கும் தெரிந்திருக்க வேண்டும். நான்கு முறை ஜெயித்தவன்.

மருத்துவப் பக்கத்தையும் யோசிக்காமல் இல்லை. அவன் வயதில், எண்ணெய்ப் பலகாரம் தின்றபின் நெஞ்சு அடைப்பவர்களில் பெரும்பாலோருக்கு வாயுதான். ஒருவேளை இதயமே என்றாலும், முதல் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கும். அந்த வரைபடங்களை வரைகிறவனே நான்தான். இருபது நிமிடம் தாமதித்தால் குறைவது சில சதவீதம். அந்தச் சில சதவீதத்தை நான் மறைக்கவில்லை, கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

இடையில் எலிசா கூப்பிட்டாள். கிருபைராஜின் செல்பேசி என் சோபாவில் சார்ஜில் கிடந்தது, அதில் பதில் வராததால் என்னைக் கூப்பிட்டாள். "அண்ணா, அவங்க ஹார்ட் மாத்திரைய இங்கயே வச்சிட்டுப் போயிட்டாங்க. நான் எடுத்துட்டு வரட்டுமா?"

"வேண்டாம்மா, பக்கத்துலதான் இருக்கான். கேம் முடிஞ்சதும் அனுப்பறேன்."

இதில் பொய் என்று எதுவுமில்லை. அவன் பக்கத்தில்தான் இருந்தான், ஒரு கதவு தூரத்தில். அந்த நேரத்தில் யாராவது வாசல் மணியை அடித்து உள்ளே வந்தால் எல்லாம் கலைந்துவிடும் என்று மட்டும் தோன்றியது.

தட்டுகிற சத்தம் கேட்டதா என்று கேட்டீர்கள். கேட்டது. முதலில் மூன்று மூன்றாக, பிறகு ஒன்றொன்றாக. என் பெயரையும் சொன்னான். நான் டிவியின் சத்தத்தைக் கூட்டினேன், ஏனென்றால் வர்ணனையாளர் முக்கியமான ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் தட்டிய நேரத்தில் என் அணி ஆறு ஃப்ரீ த்ரோவில் ஆறையும் போட்டது. ஆட்டம் சமனாகி ஓவர்டைமுக்குப் போனது, இன்னும் ஐந்து நிமிடம். ஓவர்டைம் தொடங்கியதும் ஐந்து புள்ளி முன்னே போனோம். வாழ்க்கையில் முதல் முறையாக, நடக்க வேண்டியது நடக்க வேண்டியபடியே நடந்துகொண்டிருந்தது. நான் அழுதேன். அதை யாரும் பார்க்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

பிறகு தட்டுவது நின்றது. கராஜின் பெரிய கதவுக்கு ஸ்பிரிங் பிப்ரவரியிலேயே உடைந்துவிட்டது, ஒரு ஆளால் தூக்க முடியாது. அது கிருபைராஜுக்கும் தெரியும், பழுது பார்க்க ஆள் தேடிக் கொடுத்ததே அவன்தான். அதனால் அந்தப் பக்கம் போயிருப்பான் என்று எனக்குத் தோன்றவேயில்லை. தட்டுவது நின்றபின் என் அணி ஒரு கூடைகூடப் போடவில்லை. கடைசி நொடியில் எதிரணிப் பையன் ஒருவன் ஒற்றைக் காலில் சாய்ந்தபடி எறிந்தான். ஒரு புள்ளியில் தோற்றோம்.

நான் பூட்டைத் திறந்தது அதற்குப் பிறகு. உடனே என்று சொல்லமாட்டேன், அந்த ஷாட்டை இரண்டு முறை திருப்பிப் போட்டார்கள். அவசர உதவியை அழைத்ததும் நான்தான், நெஞ்சை அழுத்தியதும் நான்தான். வந்தவர்கள் தாமதமாகிவிட்டது என்றார்கள். எலிசா மாத்திரை டப்பாவோடு வந்து வாசலில் நின்றாள். என்னைத்தான் பார்த்தாள். அது இன்னும் என்னை உறுத்துகிறது.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். பூட்டியது நான். தட்டியதைக் கேட்டேன், மாத்திரை இல்லை என்று தெரிந்தும் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவன் இருந்திருப்பான். இதையெல்லாம் எந்த நீதிமன்றத்திலும் சொல்லத் தயார். ஆனால் உங்கள் அறிக்கையில் ஒரு விவரம் விடுபட்டிருக்கிறது, அதையும் சேர்த்துவிடுங்கள். அவன் கிடந்தது ஃப்ரிட்ஜ் பக்கத்தில் இல்லை. பெரிய கதவின் அடியில், விரல்களை ரப்பர் விளிம்புக்குக் கீழே கொடுத்தபடி கிடந்தான். ஆம்புலன்ஸ் போனபின் டேப் வைத்து அளந்தேன், ஃப்ரிட்ஜிலிருந்து பதினாறு அடி. நகராதே என்று அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தேன்.