மருதமுனைக்குப் போகும் மாப்பிள்ளை

— நம்மட பர்ஸான மருதமுனைக்காரன் தூக்கிட்டுப் போறான். அதுக்கு என்ன பேர், நீயே சொல்லு ஹாஜறா.

— கலியாணம்.

— களவு எண்டு சொல்லு! பட்டப்பகல் களவு! நம்மட பந்தடிக் கழகத்துக்குக் கோல் அடிக்க ஒரே ஒரு சென்டர் போர்வேட். அவனையும் மாப்பிள்ளையாக்கிட்டானுகள்.

— சோத்தத் திண்டுட்டுச் சத்தம் போடுங்க. மீன் ஆணம் ஆறுது.

— சோறு இறங்குதில்ல புள்ள. வல்லாஹி, இறங்குதில்ல. வெள்ளிக்கிழம அசர் தொழுகைக்குப் பொறகு மெச். வெண்டா மேல் பிரிவு. தோத்தாலும் பறவாயில்ல, சனம் வரணும். சனம் வரல்ல எண்டா மைதானத்த நம்மட்ட இருந்து எடுத்து சொப்ட்போல் கிரிக்கெட் காரனுக்குக் குடுக்கப் போறாங்களாம். மறுகா நாம பந்த எங்க அடிக்கிற, கடலுக்குள்ளயா?

— ஏன் சனம் வராம?

— ஏன் வரும்? அண்டைக்குத்தான் சொப்ட்போல் பைனல், வெண்டவனுக்கு மோட்டச்சைக்கிளாம். கடற்கரையில லைட் போட்டு வொலிபோல். பாண்டிருப்புல பாக்கியராசா அண்ணன் கபடி வெச்சிரிக்கார். இதுக்கெல்லாம் தப்பி ஊட்ட இரிக்கிறவன் போனத் திறந்தா ஸ்பெயின்காரன் விளையாடுறான். ஸ்பெயின்காரனோட நான் அடிபட ஏலுமா?

— ஆட்டோவில அறிவித்தல் போட்டீங்கதானே?

— போட்டன். நம்மட ஆட்டோவும், சொப்ட்போல் ஆட்டோவும், மீன் ஆட்டோவும் சந்தியில நேருக்கு நேர் வந்துட்டுது. ஒருத்தனும் பின்னால எடுக்கானில்ல. மூண்டு ஸ்பீக்கரும் ஒண்டாக் கத்தினதில சனத்துக்கு விளங்கின ஒரே விசயம், சூடை மீன் மலிவு.

— ஓம், நானும் அதக் கேட்டுத்தான் வாங்கின. இந்த ஆணம் அதுதான்.

— நம்மட மெச்சப் பத்தி ஒண்டுமே விளங்கல்லயா?

— மாபெரும் எண்டது விளங்கிச்சு. மறுகா சூடை.

— சிரிக்கிறாய்.

— அழட்டா? பர்ஸான்தான் வெள்ளிக்கிழம இரிக்கானே. கலியாணம் அடுத்த மாசம்தானே.

— ஆள் இரிக்கான், மனம் இல்ல. நேத்துப் பெனால்டிய வானத்துக்கு அடிச்சான். என்ன மகன் எண்டு கேட்டா, "இன்ஸாப் காக்கா, அங்க ஊட்டுக்கு டைல்ஸ் பதிக்கிறாங்க" எண்டுறான். பெனால்டிக்கும் டைல்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

— பச்ச டைல்ஸ். முன் விறாந்தைக்கு மட்டும்.

— ஒனக்கு எப்பிடித் தெரியும்?

— ஊருக்கே தெரியும். இஞ்சாருங்க, மருதமுனை என்ன மக்கத்திலயா கிடக்கு? மோட்டச்சைக்கிள ஸ்டாட் பண்ணினா, சூடாக முந்தி மருதமுனை. அங்க இருந்து வந்து நமக்கு விளையாடட்டுமே.

— நம்மட ஊர் வழக்கம் தெரியாத ஆள்மாதிரிக் கதைக்காத! கட்டின நாள்ல இருந்து மாப்பிள்ள பொண்டாட்டி ஊட்ட. தின்னுறது அங்க, தொழுறது அங்க. மாமனார் அங்கத்தக் கழகத்துக்குத் தலைவர். காலையில அந்த மனிசன்ட ஊட்டு இறால் பொரியலத் திண்டுட்டு, அசருக்கு அந்த மனிசன்ட கோலுக்கே அடிப்பானா? மனச்சாட்சி இல்லயா?

— அது சரிதான்.

— கொழும்புக் கழகக்காரன் காசக் கொட்டி ஆள எடுக்கான். இஞ்ச ஒரு சல்லி தேவல்ல. ஒரு குமர்ப் புள்ள, ஒரு ஊடு. டிரான்ஸ்பர் முடிஞ்சுது! நிஸாமப் பழக்கி எடுத்தன், நிந்தவூருக்குப் போனான். சப்ரிய ஓட வெச்சன், அக்கரைப்பத்துக்கு ஓடிட்டான். நான் பயிற்சி குடுக்கன், பக்கத்து ஊர்க்காரன் பந்தி வைக்கான். கோல்கீப்பர் ஒருத்தன்தான் மிச்சம். அவன ஒருத்தரும் கேக்கிறாங்களில்ல.

— பாவம், நல்ல பொடியன். உள்ளூர் மாடு உள்ளூர்ல வில போகாதாம்.

— வெளியூர்லயும் போகுதில்லயே! நல்ல பொடியன்தான். பந்தப் புடிக்கிறதுதான் இல்ல.

— அப்ப வெளிநாட்டுல இருந்து ஒருத்தனக் கொண்டு வாறது. சம்பளம் குடுக்கிற கழகம் எண்டு பெரிசாச் சொல்லித் திரியிறீங்க.

— கொண்டு வந்தமே! கானாவில இருந்து. ஒனக்கு மறந்துட்டா?

— எப்பிடி மறக்கும்? இந்த ஊட்டுலதான் பராட்டா திண்டான். நான் சுட்டுக் களைச்சன், அவன் திண்டு களைக்கல்ல.

— அவன் இப்ப அறுகம்பேயில வெள்ளக்காரருக்கு அலையில வழுக்கப் படிப்பிக்கிறான். ஒருநாள் சுத்திப்பாக்கக் கூட்டிட்டுப் போனது என்ட புத்தி. கடலப் பாத்தான். பலகையப் பாத்தான். பஸ்ஸில வரும்போது பக்கத்து சீட் காலி.

— அல்லாட காவல்.

— ஹாஜறா, கேளு. எனக்கு ஒரு வழி தோணிரிக்கி.

— விசர் வழியா, நல்ல வழியா?

— நம்மட மகள் அஸ்னா.

— அவள இதுக்குள்ள இழுக்காதீங்க.

— கோவிக்காம முழுக்கக் கேளு. அங்க இன்னும் நிக்காஹ் எழுதல்ல. பேச்சுத்தான். இந்த ஊட்ட அஸ்னாட பேருக்கு எழுதுவம். பர்ஸான் இஞ்சயே மாப்பிள்ள. சந்தியில இருந்து மைதானம் வரைக்கும் நம்மட சொந்தக்காரர்தானே? "நம்மட மருமகன் விளையாடுறான்" எண்டு முழு ஒழுங்கையும் கதிரையத் தூக்கிட்டு வரும். சொப்ட்போல் காரன் மோட்டச்சைக்கிளத் தானே ஓட்டிட்டுப் போக வேண்டியதுதான்.

— ஊட்ட எழுதினா நாம எங்க போற?

— பின்னால ஒரு அறை போடுவம்.

— கேம்பஸ்ல படிக்கிற புள்ள. அவள்ட்டக் கேட்டீங்களா?

— கேட்டன்.

— என்ன சொன்னாள்?

— "வாப்பா, நான் வொலிபோல்தான் பாக்கிற" எண்டாள்.

— நல்லாச் சொன்னாள் என்ட மகள்.

— சின்னப் புள்ள, மாறிருவாள்.

— அந்த மருதமுனைப் பொண்ணு ஹிமாயாவும் ஒரு உம்மா பெத்த புள்ளதான். பேசி முடிச்ச மாப்பிள்ளயப் பறிச்சு, அவள்ட கண்ணீர்லயா நீங்க கோல் போடப் போறீங்க?

— எனக்கு மட்டும் ஆசையா? கழகம் செத்துரும் புள்ள. ஒன்ட வாப்பா தொடங்கின கழகம். அந்த மனிசன் மௌத்தாகக் கிடக்கும்போது என்ட கையப் புடிச்சார். "மருமகன், கழகத்த விட்டுராதீங்க" எண்டார்.

— நானும் பக்கத்திலதான் நிண்டன். "மகளப் பாத்துக்கங்க" எண்டு சொல்லுவார் எண்டு பாத்தன். சொல்லல்ல.

— அது... சொல்லாமலே விளங்கும்தானே.

— எனக்கு விளங்கல்ல. ஒண்டு கேக்கன். எங்கட வாப்பா ஒங்கட ஊர் நற்பிட்டிமுனைக்கு வந்து ஒங்களக் கேட்டாரே, ஏன் கேட்டார்?

— என்ட குணத்தப் பாத்து. அவரே என்ட உம்மாட்டச் சொன்னார். "அடக்கமான பொடியன்" எண்டு.

— இடது காலப் பாத்து.

— என்ன?

— லெப்ட் விங்குக்கு ஆள் இல்லாம வாப்பா ஒரு வருசம் சோறு தண்ணி இல்லாம திரிஞ்சார். மத்த மருமகன்மாருக்கு வலிமா விருந்தில மணிக்கூடு போட்டார். ஒங்களுக்கு என்ன தந்தார்?

— சப்பாத்து. பந்தடிக்கிற சப்பாத்து. களிசானும், ஜேர்சியும்.

— மறுகா?

— அது பாசத்தில தந்த எண்டு நினைச்சன்.

— பாசத்துக்கு முதுகில பதினொண்டு எண்டு நம்பர் அடிச்சிரிக்குமா?

— ஹாஜறா... அப்ப ஒனக்கு என்னப் புடிக்காமத்தான் கட்டினயா?

— ஒங்கள எனக்குத் தெரியவே தெரியா. புடிச்சது மறுகாத்தான். நல்லாப் புடிச்சுது, அதில பொய் இல்ல. அது அல்லா எழுதின நசீபு. ஆனா, கலியாணமாகி முதல் வெள்ளிக்கிழம நான் ஆக்கி வெச்சுக் காத்திரிக்கன், நீங்க மாமனாரோட மைதானத்தில. என்ன ஒரு பந்துக்காகத்தான் குடுத்தாங்க எண்டு அண்டைக்குத்தான் எனக்கு விளங்கிச்சு. அடுப்படியில இருந்து அழுதன். ஒங்களுக்குத் தெரியா.

— நீ ஏன் இத ஒருநாளும் சொல்லல்ல?

— எந்த நாள் சொல்ல? ஒண்டில் மெச், இல்லாட்டி பயிற்சி.

— வல்லாஹி, நான் அஸ்னாவ அப்பிடி நினைச்சுக் கதைக்கல்ல புள்ள. பர்ஸான் நல்லவன் எண்டுதான்...

— நோன்புப் பெருநாளைக்கு அவன இஞ்ச கூப்பிட்டுச் சோறு போட்டீங்க. அவன் குனிஞ்சு திண்டான். நீங்க அவன்ட முகத்தப் பாக்கல்ல, காலப் பாத்தீங்க. மறுகா அஸ்னாவப் பாத்தீங்க. வாப்பா ஒங்களப் பாத்த அதே பார்வ.

— நான் பாத்தனா?

— பாத்தீங்க. அதுதான் அடுத்த நாள் விடியக்குள்ளயே பஸ் ஏறி மருதமுனைக்குப் போய், ஹிமாயாட உம்மாவக் கண்டு கதைச்சு, அந்தக் கலியாணத்தப் பேசி முடிச்சிட்டு வந்தன்.